பிரேக்கும் சஸ்பென்ஷனும்: ராம்ப்பில் உரசிய காரின் கதை

(கிளப் ஹவுஸில் நடந்த மாதாந்திரச் சந்திப்பில் பி பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். கேள்வி நேரத்தில் வந்தவற்றில் சிலவும் கடைசியில் சேர்க்கப்பட்டுள்ளன.)



செக்ரட்டரி சார் என்னைப் பேசக் கூப்பிட்டதை நான் பாராட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒருவகையில் இது எனக்குக் கொடுத்த தண்டனைதான். போன வருடம் முழுக்க ராத்திரி பதினோரு மணிக்கு பேஸ்மென்ட் ராம்ப்பில் 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம் கேட்டிருக்கும். தரைத்தள வீடுகளில் இருப்பவர்களுக்கு நன்றாகவே கேட்டிருக்கும். அது என் கார்தான். வாட்ஸ்அப் குரூப்பில் அதைப் பற்றி வந்த மெசேஜ்களையெல்லாம் நான் படித்தேன், பதில் போடவில்லை. இப்போது நேரில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இந்த ஜனவரியிலிருந்து அந்தச் சத்தம் இல்லை. ஏன் இல்லை என்பதையும் சொல்கிறேன்.

நான் இங்கே நிற்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நம் வளாகத்தில் டர்போ இன்ஜின் கார்கள் இப்போது நிறைய வந்துவிட்டன. லிஃப்டில் பார்க்கும்போது தம்பிகள் சிலர், "அண்ணா, உங்க காரை எங்கே இறக்கினீங்க? எவ்வளவு ஆச்சு?" என்று கேட்கிறார்கள். ஒன்பதாவது மாடி வருவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை அது. அதனால் இங்கே சொல்கிறேன்.

என் கார் 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல், ஆட்டோமேட்டிக். கம்பெனி பெயர் வேண்டாம். பார்க்கிங்கில் பார்த்தவர்களுக்குத் தெரியும். வண்டிமேல் குற்றமும் இல்லை. வாங்கி மூன்றாவது வருடம் இன்ஜினை ரீமேப் செய்தேன். பிறகு 35 மில்லிமீட்டர் தாழ்வான ஸ்பிரிங் போட்டேன். பெரிய அலாய் வீல் மாட்டினேன். எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்துக்கு மேல் போனது. வீட்டில் சொன்ன தொகை வேறு, அது இந்தக் கூட்டத்துக்கு வேண்டாம்.

இவ்வளவு செலவு செய்த நான் நான்கு வருடமாக ஒன்றை மட்டும் மாற்றவில்லை. பிரேக் ஆயில்.

இரண்டு வருடத்துக்கு முன் குடும்பத்தோடு கொல்லிமலை போனோம். காரவள்ளியிலிருந்து மேலே போகும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது கார் பிரமாதமாக ஏறியது. ரீமேப் செய்த காசு வசூலானது போல இருந்தது. இறங்கும்போதும் அதே உற்சாகத்தில் ஓட்டினேன். இரண்டு வளைவுக்கு நடுவே ஆக்ஸிலரேட்டரை ஒரு மிதி, வளைவு வந்ததும் பிரேக்கில் ஒரு மிதி. கியர் 'டி'யிலேயே இருந்தது. பின் சீட்டில் அப்பா, அம்மா, என் மகள். முன்னால் என் மனைவி.

பாதி இறங்கியிருப்போம். ஏதோ தீய்ந்த வாடை வந்தது. அம்மா, "யாரோ டயர் கொளுத்தறாங்க போல" என்றார். அடுத்த வளைவில் பிரேக் பெடல் வழக்கத்தைவிடக் கொஞ்சம் உள்ளே போனது. அதற்கடுத்த வளைவில் காலை வைத்தால் பஞ்சு மாதிரி நேராகத் தரைவரை போய்விட்டது. கார் நிற்கவில்லை.

நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்கிறேன், யாருக்காவது உதவலாம். கியரை மேனுவலுக்கு இழுத்து இரண்டுக்கும், உடனே ஒன்றுக்கும் இறக்கினேன். இன்ஜின் கத்தியது, ஆனால் வேகம் பிடிபட்டது. பெடலைத் திரும்பத் திரும்ப மிதித்தேன், கொஞ்சம் பிடித்தது. கை பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக, பட்டனை அழுத்திப் பிடித்தபடியே இழுத்தேன். ஒரேயடியாக இழுத்தால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சுற்றிவிடும். பழைய மாதிரி கை பிரேக் ஆயிலை நம்பி இல்லை, இரும்புக் கேபிளில் வேலை செய்வது, அதுதான் காப்பாற்றியது. மலைப்பக்கச் சுவரை ஒட்டி, ஓடைக் கல்லில் சக்கரத்தைச் சாய்த்து நிறுத்தினேன். எதிரே பஸ் வரவில்லை. வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் இன்றுவரை முழுதாக யோசித்துப் பார்த்ததில்லை.

மகள் கேட்டாள்: "ஏம்பா நிறுத்திட்டே? குரங்கா?"

முக்கால் மணி நேரம் அங்கேயே இருந்தோம். சூடு ஆறியதும் பெடல் பழையபடி கெட்டியாக நின்றது, ஒன்றுமே நடக்காத மாதிரி. முதல் கியரில் ஊர்ந்து கீழே வந்தோம். நாமக்கல்லில் ஒரு மெக்கானிக் ஆயில் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, "சார், இது ஆயிலா டிகாக்ஷனா?" என்று கேட்டார். அந்த நிறத்தில்தான் இருந்தது.

என்ன நடந்தது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டியை நிறுத்தினால், அந்த வேகத்தின் சக்தி முழுக்க பிரேக்கில் சூடாக மாறுகிறது. நான்கு பேரும் பெட்டியுமாக 1450 கிலோ வண்டிக்கு அது சுமார் 560 கிலோஜூல். அதே வண்டி 1000 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால் கரைக்க வேண்டிய சக்தி அதைப்போல 25 மடங்கு. நூறிலிருந்து பூஜ்யத்துக்கு இருபத்தைந்து முறை, ஆறவிடாமல் நிறுத்துவதற்குச் சமம். வண்டி எடை எவ்வளவாக இருந்தாலும் இந்த 25 மாறாது, எடை இரண்டு பக்கமும் அடிபட்டுப் போய்விடும். இதில் ஒரு பகுதியைக் காற்றும் டயரும் எடுத்துக்கொள்ளும். பெரிய பங்கை எடுக்க வேண்டியது இன்ஜின். நான் 'டி'யில் விட்டு அதற்கு வேலையே கொடுக்கவில்லை. போதாததற்கு நடுநடுவே ஆக்ஸிலரேட்டரை மிதித்து இன்னும் சக்தியைச் சேர்த்துக்கொண்டிருந்தேன்.

பிரேக் ஆயில் என்று நாம் சொல்வது உண்மையில் எண்ணெய் இல்லை. அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் ஒரு திரவம். திரவத்தை அமுக்க முடியாது என்பதால்தான் நம் கால் அழுத்தம் அப்படியே சக்கரத்துக்குப் போகிறது. அது கொதித்து ஆவிக் குமிழ் வந்துவிட்டால், கால் அந்தக் குமிழைத்தான் அமுக்கும், சக்கரத்துக்கு ஒன்றும் போகாது. புது டாட் 3 குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தரம். டாட் 4க்கு 230, டாட் 5.1க்கு 260. ஈரம் ஏறிய பிறகு அளக்கும் தரம் வேறு: முறையே 140, 155, 180. பார்த்தீர்களா, டாட் 4 என்று நம்பி ஓட்டிக்கொண்டிருக்கிறோம், உள்ளே இருப்பது 155. நம் ஊர் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமா? இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். கார் சும்மா பேஸ்மென்டில் நின்றாலும் சரி, கிலோமீட்டர் கணக்கு இதற்கு இல்லை. டாட் 5 என்று மட்டும் ஒன்று வரும், அது சிலிகான். 5.1 என்று நினைத்து அதை ஊற்றிவிடாதீர்கள், மற்றவற்றோடு சேராது.

ஆக, தம்பிகள் 'அப்கிரேட்' என்று கேட்டால் என் முதல் பதில் இதுதான். சில நூறு ரூபாய் டாட் 4 ஆயில், முழுசாக மாற்றி, நான்கு சக்கரத்திலும் ஏர் எடுப்பது. பந்தயத்துக்கான ஆயில் 300 டிகிரிக்கு மேல் தாங்கும், உண்மைதான். ஆனால் அதை இன்னும் சீக்கிரம் சீக்கிரம் மாற்ற வேண்டும். இருங்காட்டுக்கோட்டை ட்ராக்கில் ஓட்டப்போகிறவர் போட்டுக்கொள்ளலாம். ஓஎம்ஆரில் ஆபீஸ் போகிறவருக்கு வேண்டாம்.

அடுத்தது டயர். இதைச் சொன்னால் நிறையப் பேர் நம்ப மாட்டார்கள்: வண்டியை நிறுத்துவது பிரேக் இல்லை, டயர். அவசரத்தில் மிதித்ததும் பெடல் கால் அடியில் 'டக டக' என்று அதிர்கிறதே, அது ஏபிஎஸ். அது அதிர்கிறது என்றால் டயருக்கு இருக்கிற பிடிப்பை உங்கள் பிரேக் ஏற்கெனவே தாண்டிவிட்டது என்று அர்த்தம். அதற்கு மேல் எவ்வளவு பெரிய டிஸ்க் போட்டாலும் அந்த முதல் நிறுத்தத்தில் ஒரு அடிகூடக் குறையாது. நல்ல காய்ந்த சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பிடிக்கும் தூரம் மட்டும் முப்பது மீட்டருக்கு மேல். காலை பிரேக்குக்குக் கொண்டுபோக ஒரு நொடி எடுத்தால் அதில் இன்னொரு 22 மீட்டர். மொட்டை டயரோ, வெயிலில் காய்ந்து வெடித்த டயரோ இருந்தால், மழை நாளில் கணக்கே வேறு.

பெரிய பிரேக் எதற்கு உதவும் என்றால், பத்தாவது நிறுத்தத்துக்கும் இருபதாவது நிறுத்தத்துக்கும். இரும்பு அதிகம் இருந்தால் சூட்டை அதிகம் வாங்கிக்கொள்ளும். அவ்வளவுதான்.

அதற்கு முன்னால் பேட். நல்ல பேட் மாற்றினாலே முக்கால்வாசிப் பேருக்குப் போதும். ஆனால் பந்தயப் பேட் வாங்கிவிடாதீர்கள். அவை சூடானால்தான் பிடிக்கும். காலையில் பேஸ்மென்டிலிருந்து கிளம்பி கேட்டில் முதல் பிரேக் பிடிக்கும்போது, குறுக்கே ஸ்கூல் பஸ்ஸுக்குக் குழந்தைகள் ஓடும்போது, அது இன்னும் குளிர்ந்துதான் இருக்கும். கூடவே கீச் கீச் என்று சத்தம். இன்னொரு வாட்ஸ்அப் மெசேஜ்.

புது பேட் போட்டால் அதைப் பழக்க வேண்டும். காலியான ரோட்டில், விடியற்காலையில், அறுபதிலிருந்து பத்து வரை நிதானமாகக் குறைத்து, மறுபடி வேகம் பிடித்து, எட்டுப் பத்து முறை. முழுதாக நிறுத்தக் கூடாது. சூடான டிஸ்க்கில் பேட் அழுத்தி நின்றால் அந்த இடத்தில் திட்டாக ஒட்டிக்கொள்ளும், பிறகு ஸ்டியரிங் நடுங்கும். முடிந்ததும் பிரேக் தொடாமல் சில கிலோமீட்டர் ஓட்டி ஆறவிட வேண்டும். தயவுசெய்து நம் வளாகத்தின் உள்சாலையில் இதைச் செய்யாதீர்கள். போன வருடம் ஒருவர் செய்தார். நான் இல்லை.

பெரிய டிஸ்க்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்கள் மூன்று விஷயம் கேட்டுவிட்டு வாங்குங்கள். காலிப்பர் உங்கள் வீலுக்குள் அடங்குமா? டிக்கியில் இருக்கும் ஸ்டெப்னி அதன்மேல் ஏறுமா? பல கார்களில் ஸ்டெப்னி அலாய் வீலைவிடச் சின்னது. திண்டிவனம் தாண்டி பஞ்சர் ஆன பிறகு தெரிந்துகொள்ளும் விஷயம் இல்லை இது. மூன்றாவது, மாஸ்டர் சிலிண்டர் அப்படியே இருக்க, காலிப்பரின் பிஸ்டன் பெரிதானால் பெடல் நீளமாக இறங்கும், முன் பின் பிரேக்கின் பங்கீடும் மாறும். துளை போட்ட டிஸ்க் பார்க்க அழகு, துளையிலிருந்து விரிசல் விடும். பின்னால் இருக்கும் டிரம்மை டிஸ்க்காக மாற்றலாமா என்றும் கேட்கிறார்கள். பிரேக் பிடிக்கும்போது எடை முழுக்க முன்னால் சாய்கிறது, பின்சக்கரம் செய்கிற வேலையே கொஞ்சம்தான். அந்தக் காசுக்கு நல்ல டயர் வாங்குங்கள்.

இனி சஸ்பென்ஷன். இதில்தான் நான் உங்கள் எல்லோருக்கும் தொல்லை கொடுத்தேன்.

ஸ்பிரிங் வண்டியைத் தாங்குகிறது. ஷாக் அப்சார்பர் ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குகிறது. இரண்டும் ஜோடி. நான் தாழ்வான, விறைப்பான ஸ்பிரிங்கைப் போட்டு, கம்பெனி ஷாக்கையே விட்டுவிட்டேன். ஷாக்குக்கு இயங்க இடமும் குறைந்துவிட்டது, அதனால் அடக்கவும் முடியவில்லை. சின்னப் பள்ளத்தில்கூட பம்ப் ஸ்டாப் ரப்பரில் போய் 'டங்' என்று இடிக்கும். வளைவில் நன்றாக ஒட்டிப் போகிறது என்று பெருமைப்பட்டுக்கொண்டேன். மேடுபள்ளத்தில் பிரேக் பிடித்தால் சக்கரம் துள்ளுவதை நான் கவனிக்கவில்லை. துள்ளும் சக்கரம் தரையில் இல்லை, தரையில் இல்லாத சக்கரம் வண்டியை நிறுத்தாது. சஸ்பென்ஷன் வேறு, பிரேக் வேறு என்று நினைப்பதே தப்பு. அறுபது எழுபதாயிரம் கிலோமீட்டர் ஓடிய கார் வைத்திருப்பவர்கள், ஷாக்கில் ஆயில் கசிகிறதா, டயர் அலை அலையாகத் தேய்ந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். உங்கள் கார் 'பெர்ஃபார்மன்ஸ்' கார் இல்லை என்றாலும்.

அப்பாவுக்கு 74 வயது, இடுப்புவலி உண்டு. தாழ்த்திய காரைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒருநாள் டாக்டரிடம் போக நான் சாவியோடு நின்றால், அவர் ஏற்கெனவே ஆட்டோ கூப்பிட்டு கேட்டில் காத்திருந்தார். "உனக்கு ஆபீஸ் இருக்குமே" என்றார். அன்று ஞாயிற்றுக்கிழமை.

அந்த வாரம்தான் டேப்பை எடுத்துக்கொண்டு ராம்ப்பை அளந்தேன். நம் ராம்ப் ஆறடிக்கு ஓரடி ஏறுகிறது. மேலே சமதளத்தைத் தொடும் இடத்தில் ஒரு கூர்மையான முகடு. என் காரின் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடைவெளி சுமார் இரண்டரை மீட்டர். முகடு சரியாக நடுவயிற்றுக்குக் கீழே வரும்போது அது வண்டியின் அடியை நோக்கி 100 மில்லிமீட்டர் எழும்புகிறது. கம்பெனி கொடுத்த இடைவெளி 165. நான்கு பேர் ஏறினால் ஒரு 40 இறங்கும், மீதி 125. முகட்டுக்கு நூறு போனால் 25 மில்லிமீட்டர் தப்பும். அதில்தான் நான் 35 மில்லிமீட்டர் ஸ்பிரிங்கை இறக்கினேன். கணக்குப் போட்டால் உரசாமல் எப்படி இருக்கும்? தாழ்த்த நினைப்பவர்கள் இந்தக் கழித்தலைக் கடைக்குப் போவதற்கு முன்பே போட்டுப் பார்த்துவிடுங்கள்.

வேகத்தடைக்கும் ஒரு தரம் உண்டு: இந்தியச் சாலைப் பேரவையின் விதிப்படி 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம். அப்படி அகலமாக, மெதுவாக ஏறி இறங்கினால் தாழ்ந்த காரும் போய்விடும். நம் கேட்டுக்கு வெளியே இருப்பது ஒரு செங்கல் மேல் தார் ஊற்றிய மாதிரி இருக்கிறது. அதைப் பற்றி நம் அசோசியேஷன் மனு கொடுத்திருக்கிறது, அது தனிக்கதை.

ஜனவரியில் தாழ்வான ஸ்பிரிங்கைக் கழற்றி, கம்பெனி உயரத்துக்கான ஸ்பிரிங்கையே திரும்பப் போட்டு, அதற்கு ஜோடியான நல்ல கேஸ் ஷாக் நான்கு வாங்கினேன். கூடவே டாப் மவுன்ட், லோயர் ஆர்ம் புஷ், லிங்க் ராடு. வேலை செய்தவரிடம் ஒன்றை மட்டும் நின்று பார்த்துக்கொண்டேன்: ரப்பர் புஷ்ஷின் போல்ட்டைக் கார் தூக்கியிருக்கும்போது இறுக்கக் கூடாது. சக்கரம் தரையில் நின்று, எடை இறங்கிய பிறகுதான் இறுக்க வேண்டும். இல்லையென்றால் ரப்பர் எப்போதும் முறுக்கிலேயே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும். அப்புறம் வீல் அலைன்மென்ட். கார் இப்போது முன்பைவிட வேகமாக வளைகிறது என்று சொல்ல மாட்டேன். மோசமான ரோட்டில் முன்பைவிட நிதானமாக நிற்கிறது. அப்பா ஏறுகிறார்.

ரீமேப்பையும் எடுத்துவிட்டேன். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளரின் மூல விவரங்களுக்கு மாறாக உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. தேய்ந்த பாகத்துக்குப் பதில் அதே அளவில் தரமான பாகம் போடுவது ஒன்று, வண்டியின் அமைப்பையே மாற்றுவது வேறு. எதைச் செய்தாலும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள்.

பேஸ்மென்டில் நீங்களே வேலை செய்வதாக இருந்தால், ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள், ஸ்டாண்டு வையுங்கள். ஸ்பிரிங்கைக் கழற்றும் வேலையை வீட்டில் செய்யவே வேண்டாம். அமுக்கிய ஸ்பிரிங் விடுபட்டால் ஆளை அடித்துவிடும். பழைய பிரேக் ஆயிலை மழைநீர் வடிகாலில் ஊற்றாதீர்கள், பாட்டிலில் பிடித்து ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். பக்கத்து கார் பெயின்ட் மேல் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், பெயின்டைத் தின்றுவிடும். கழுவிவிட்டு அந்தக் கார்க்காரரிடமும் சொல்லிவிடுங்கள்.

கேள்வி நேரத்தில் சி பிளாக்கிலிருந்து ஒருவர், தன்னுடையது மின்சார கார், மலை இறங்கும்போது மோட்டாரே வேகத்தைக் குறைத்து பேட்டரிக்கு அனுப்பிவிடும், தனக்கு இந்தக் கவலை இல்லையே என்று கேட்டார். பெரும்பாலும் சரிதான். ஆனால் மலைமேல் ஓட்டலில் ராத்திரி முழுக்கச் சார்ஜ் போட்டு நூறு சதவீதத்தோடு இறங்கினால், அந்தச் சக்தியைப் போட்டுவைக்கப் பேட்டரியில் இடம் இருக்காது. மோட்டாரின் பிடிப்பு குறையும், வேலை பேட், டிஸ்க்குக்கு வரும். எண்பது சதவீதத்தோடு நிறுத்திவிட்டு இறங்குங்கள். மின்சார காரிலும் பிரேக் ஆயில் இருக்கிறது, அதுவும் ஈரத்தை இழுக்கும்.

இன்னொரு அம்மா, ஆட்டோமேட்டிக் காரில் கீழ் கியருக்கு எப்படிப் போவது என்று கேட்டார். கூட்டம் முடிந்ததும் அவர் காரிலேயே போய்ப் பார்த்தோம். லீவரைப் பக்கவாட்டில் தள்ளினால் கூட்டல், கழித்தல் குறி வரும். சிலவற்றில் 'எல்' அல்லது 'எஸ்' என்று இருக்கும். ஆறு வருடமாக ஓட்டுகிறார், அதைத் தொட்டதே இல்லை. மலைக்குப் போவதற்கு முன் சமதளத்தில் ஒருமுறை பழகிவிடுங்கள்.

பிரேக் ஆயிலில் ஈரம் பார்க்கும் பேனா மாதிரி ஒரு கருவி என்னிடம் இருக்கிறது. துல்லியமான கருவி இல்லை, சிவப்பு விளக்கு எரிந்தால் மாற்றிவிடலாம் என்ற அளவுக்கு உதவும். வருகிற ஞாயிறு காலை பத்து மணியிலிருந்து பி பிளாக் பேஸ்மென்ட், தூண் 14 பக்கத்தில் இருப்பேன். பானெட்டைத் திறந்து வைத்தால் ஒரு நிமிட வேலை. ஊட்டி, ஏற்காடு என்று கோடை விடுமுறைக்குக் கிளம்புகிறவர்கள் முதலில் வாருங்கள்.